நாகலகம் வீதியின் அடிக்கணக்கும் ஹெவ்லொக் டவுனின் மழையும்

கொழும்பில் வெள்ள எச்சரிக்கை என்பது நெடுங்காலம் ஒரே ஓர் எண்ணாக இருந்தது. கொட்டாஞ்சேனையை அடுத்த கிராண்ட்பாஸில், நாகலகம் வீதி அளவுகோலில் களனி கங்கை எத்தனை அடியில் நிற்கிறது என்பதே அந்த எண். 5 அடியைத் தொட்டால் சிறு வெள்ளம், 7 அடியில் பெருவெள்ளம், 9 அடியில் ஆபத்து, 12 அடியில் மிக மோசமான நிலை. நகரின் வெள்ள எச்சரிக்கை முறை இந்த ஆற்றை நம்பி வளர்ந்தது என்பதும், நகரின் தெற்கிலுள்ள ஹெவ்லொக் டவுன் போன்ற பகுதிகள் அதன் கணக்கில் சரியாக அடங்கவில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1900இல் உருவான நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு 1924ஆம் ஆண்டின் வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதிகாரம் அளித்தது. அணைக்கட்டுகளும் மதகுகளும் அதன் கண்காணிப்பில் வந்தன. 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி தொடங்கியதும் செய்தியை வீடுவரை கொண்டுபோக ஒரு வழி பிறந்தது. 1947 ஆகஸ்ட் வெள்ளத்தில் நாகலகம் வீதியில் நீர் 12 அடியைத் தாண்டியது. ஆற்று வெள்ளத்தில் ஒரு சலுகை உண்டு: மலையில் பெய்த மழை கொழும்பை அடைய நேரம் எடுக்கும். கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல அளவுகோல்களைப் பார்த்தே கீழே என்ன வரப்போகிறது என்று சொல்லிவிடலாம். கொட்டாஞ்சேனைப் பக்கத்தார் மூட்டை கட்ட அவகாசம் கிடைத்தது இதனால்தான்.

தெற்கே கதை வேறு. ஹெவ்லொக் டவுனையும் வெள்ளவத்தையையும் முதலில் மூழ்கடிப்பது களனி அல்ல; தலைக்கு மேலே பெய்யும் மழையும் அதைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டிய கிருலப்பனை, வெள்ளவத்தைக் கால்வாய்களும்தான். 1992 ஜூன் 4 அன்று கொழும்பில் ஒரே நாளில் ஏறத்தாழ 494 மில்லிமீற்றர் மழை பதிவானது. வளிமண்டலவியல் திணைக்களம் இயங்குவது பௌத்தாலோக மாவத்தையில், ஹெவ்லொக் டவுனிலிருந்து நடக்கும் தூரத்தில். அதாவது நாட்டிலேயே மழை மிகக் கவனமாக அளக்கப்படும் இடங்களில் ஒன்று ஹெவ்லொக் டவுன்வாசிகளின் அயலிலேயே இருக்கிறது. ஆனால் மழைமானி சொல்வது பெய்து முடிந்த மழையை. 2010 நவம்பரில் ஓர் இரவு மழைக்கே ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயில் நாடாளுமன்ற வளாகம் வெள்ளக்காடானது. அந்த இரவிலும் களனியின் அடிக்கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு உருப்படியாக எதுவும் தெரிந்திருக்காது.

ஆற்றுக்கும் தெற்குக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. களனி உயர்ந்தால் அது நகருக்குள் புகாதபடி நாகலகம் வீதியிலுள்ள வடக்கு மதகுக் கதவுகளை மூடுவார்கள். அப்போது நகரக் கால்வாய்களின் நீர் வடக்கே ஆற்றில் விழ முடியாமல் வெள்ளவத்தை, தெஹிவளை முகத்துவாரங்களையே பெரிதும் நம்பியிருக்கும். அங்கே மணல்திட்டு அடைத்திருந்தாலோ கடல் ஏறியிருந்தாலோ கால்வாய் நீர் பின்னோக்கித் தேங்கும். வடக்கைக் காக்கும் கதவு தெற்கின் சுமையைக் கூட்டுகிறது. 

2004 ஆழிப்பேரலைக்குப் பின் வந்த 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு வழி வகுத்தது. 117 என்ற அவசர அழைப்பு எண் அதனுடையது. 2012இல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய கொழும்பு பெருநகர அபிவிருத்தித் திட்டம் கால்வாய்களைச் சீரமைத்தது. வாய்க்கால் விரிந்ததே தவிர, சில மணி நேரத்துக்கு முன்பே மழையைக் கணிக்கும் வலு அதே வேகத்தில் வளரவில்லை. ஆற்றங்கரையில் வெளியேற ஒரு பகல் கிடைக்கலாம். கால்வாய்க்கரை அடுக்குமாடியில் கிடைப்பது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மேல்மாடிக்கு ஏறும் நேரம் மட்டுமே. நிலக்கீழ் தரிப்பிடத்தில் நிற்கும் வாகனத்தை எடுக்க இறங்குவதுதான் அப்போது செய்யக்கூடிய மிக ஆபத்தான காரியம்.

இதோடு மொழியும் சேர்கிறது. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின், 1987இல் 13ஆம் திருத்தத்தின் வழியே தமிழும் ஆட்சிமொழியானது. ஆயினும் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கியபோது, அரச எச்சரிக்கைகள் தமிழில் பிந்தியும் குறைவாகவும் வந்தன என்ற விமர்சனம் பரவலாக எழுந்தது. தமிழர் செறிந்து வாழும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அந்தப் பிந்தலின் விலை ஒன்றல்ல. ஆறு சில மணி நேரம் பொறுக்கும். கிருலப்பனைக் கால்வாய் பொறுக்காது.