பாணமை – உகந்தை: ஜீப்புக்கு முன்பே இருந்த பாதை



விடுமுறை வந்தால் நமதூர் இளைஞர்கள் ஃபோர் வீல் வாகனத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். புதிதாக ஓட்டப் பழகுபவர்களுக்கு நமது பக்கத்தில் இலகுவான பாதை எது என்றால், பாணமையிலிருந்து உகந்தை வரையான கிறவல் பாதையைத்தான் சொல்வோம். ஏறத்தாழ 15 கிலோமீற்றர். பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. வெயில் காலத்தில் சிரமமில்லாமல் ஓடலாம். மாரி மழைக்குள் மட்டும் இறங்க வேண்டாம்.

ஆனால் அந்தப் பாதை யாருடையது என்பதையும் நாம் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

லேண்ட் ரோவர் உலகத்துக்கு அறிமுகமானது 1948இல். இந்தக் கரையோரப் பாதையோ அதற்கு வெகுகாலம் முந்தியது. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கதிர்காமத்துக்கு நடக்கும் பக்தர்கள் உகந்தை முருகன் கோயிலில் தங்கி, கும்புக்கன் ஓயாவைக் கடந்து, யால காட்டுக்குள் நாட்கணக்கில் நடப்பார்கள். இன்றும் ஆடி மாதத்தை ஒட்டி நடக்கிறார்கள். அவர்கள் சென்று சேரும் கதிர்காமத்தில் நமது பள்ளிவாசலும் இருக்கிறது. திருவிழாக் காலத்தில் அங்கும் கொடி ஏறுகிறது.

நம் முன்னோரும் காட்டுப் பாதைகளுக்குப் புதியவர்கள் அல்லர். போர்த்துக்கேயர் விரட்டியபோது, 1626 அளவில் செனரத் மன்னன் சுமார் 4000 முஸ்லிம்களை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது வரலாறு. கரையோரத்துக்கும் கண்டி இராச்சியத்துக்கும் இடையே நம்மவர் தவளம் நடத்தினார்கள். மாட்டின் முதுகில் இரு பக்கமும் பொதி தொங்கும். உப்பும் கருவாடும் மேலே போகும். பாக்கும் மிளகும் கீழே வரும். வண்டி போக முடியாத இடத்தில் மாடு போனது. இன்று ஃபோர் வீல் செய்யும் வேலையை அன்று அந்த மாடுதான் செய்தது.

உகந்தைக்கு அப்பால் இருப்பது குமண வனம். நம்மவர் கூமுனை என்பார்கள். யுத்தத்தால் அது 1985 முதல் 2003 வரை மூடிக்கிடந்தது. ஒரு தலைமுறையே அந்தப் பக்கம் போகாமல் வளர்ந்தது. திறந்த மறு ஆண்டே சுனாமியும் அடித்தது. இவ்வளவுக்குப் பிறகு நமக்குத் திரும்பக் கிடைத்த பாதை இது.

ஆகவே போகிறவர்களிடம் சில வேண்டுகோள்கள். மணலில் டயர் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள், லோ கியரில் மெதுவாகப் போங்கள், திடீரென பிரேக் அடிக்காதீர்கள். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்திக் காத்திருங்கள். உள்ளே போவதென்றால் உகந்தையில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டை எடுங்கள். முக்கியமாக, இருக்கிற தடத்தை விட்டு விலகி மணல்மேட்டில் புதுத் தடம் போடாதீர்கள். பிளாஸ்டிக் போத்தலை வீசிவிட்டு வராதீர்கள்.

பாணமையில் சிங்களமும் தமிழும் ஒரே வீட்டில் பேசுகிறார்கள். பக்கத்திலே பொத்துவிலில் நாம் வாழ்கிறோம். மூன்று சமூகமும் மிதித்த பாதை அது. அதை நாம் கெடுத்தால் அந்த நினைவையும் சேர்த்துத்தான் கெடுக்கிறோம்.

உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் தவளம் பற்றிக் கேட்ட கதை ஏதும் இருந்தால் இங்கே எழுதுங்கள். நம் பிள்ளைகளுக்கு அது தேவை.