ரெண்டு கோர் இருந்தா ரெட்டை வேகமா?

2008-ல் நம் கல்லூரி லேபில் டூயல்-கோர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபோது, "ப்ராஜெக்ட் பாதி நேரத்துல முடிஞ்சிடும்டா!" என்று குதித்தோம். ஓட்டிப் பார்த்தால் ஏறக்குறைய அதே நேரம்! ஒரு கோர் உழைத்தது. மற்றது சும்மா இருந்தது. மெஷினைத் திட்டினோம். தப்பு எங்கள் மேல்தான். புரோகிராமை இரண்டாகப் பிரித்து எழுதவே இல்லை.

இது பழைய பாடம். பிரிக்க முடியாத பகுதிதான் வேகத்துக்கு எல்லை என்று 1967-லேயே அமெரிக்கப் பொறியாளர் ஜீன் ஆம்டால் வாதிட்டார். 100 விநாடி வேலையில் பாதியைப் பிரிக்க முடியாதென்றால், இரண்டு பிராசஸரில் 75 விநாடி ஆகும்; 288 போட்டாலும் 50-க்குக் கீழே இறங்காது. உழவர்கரைக்காரர்களுக்குத் தெரியாததா? நாற்று பறிக்கும் வரை, வரப்பில் எத்தனை பேர் நின்றாலும் நடவு தொடங்குமா?

288 என்று சும்மா சொல்லவில்லை. 2004-ல் சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் 'கப்ரு' என்ற கணினித் தொகுதி இயங்கியது. 144 கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பிராசஸர். குவார்க்குகள் பற்றிய பெரிய கணக்கைக் கட்டம் கட்டமாகப் பங்கிட்டார்கள். ஒவ்வொரு மெஷினும் தன் பங்கை முடித்து, எல்லையோர எண்களை மட்டும் பக்கத்து மெஷினுக்குக் கொடுக்கும். கணக்கே பங்கு பிரிக்கத் தோதானது, பிரித்தும் எழுதினார்கள். அதனால்தான் அத்தனை பிராசஸரும் ஒரே வேலைக்கு உதவின.

தம்பி, தங்கைகளே! இன்று செல்போனிலேயே எட்டு கோர். புது மெஷின் கேட்கும் முன், உங்கள் புரோகிராமில் எது காத்திருக்கிறது என்று பாருங்கள். நாங்கள் அன்று பார்க்கவில்லை.