பல சேமக்கலம், ஒரு கோப்பகம்: குளஸ்டர் முறையின் வரலாறு

பொருளைத் தொகுத்து வைத்தல் ஒன்று. தொகுத்தது எங்குளது என அறிந்து வைத்தல் மற்றொன்று. முன்னது களஞ்சியத்தின் பாற்படும். பின்னது அடைவின் பாற்படும். வலையால் இணைந்த பல சேமக்கலங்களை ஒரே கோப்பு முறைமையாக்கிய வரலாறு பெரிதும் அடைவின் வரலாறே என்பதை இக்கட்டுரை காட்ட முயலும்.

முன்னை முயற்சிகள்

1982இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார், பல யூனிக்ஸ் கணிப்பொறிகளின் கோப்பு மரங்களை ஒரு பொதுவேரின்கீழ் இணைக்கும் வழியை வெளியிட்டனர். சன் நிறுவனம் 1984 அளவில் வகுத்த என்.எஃப்.எஸ்., தொலைவிலுள்ள கோப்பையும் அருகிலுள்ளது போல ஆளச் செய்தது. 2003இல் கூகுள் வெளியிட்ட ஆய்வுரையிலோ, பல பொறிகளுக்கும் உரிய அடைவைத் தலைமைப் பொறி ஒன்று தாங்கி நின்றது. லஸ்டர் என்னும் முறையும் அடைவுக்கெனத் தனிப்பொறி வைத்தது. அடைவுப்பொறி தளரின் யாவும் தளரும் என்பது இவ்வழியின் இடர்.

பெயரே இடம் காட்டல்

இவ்விடரை வேறு வழியால் கடந்தது குளஸ்டர். இதனைத் தோற்றுவித்தவருள் தலையாயவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆனந்த் பாபு பெரியசாமி. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்திற்கென அமைக்கப்பட்டு, 2004 ஜூனில் உலக வரிசையில் இரண்டாம் இடம் பெற்ற தண்டர் என்னும் மீக்கணிப்பொறிப் பணியில் பங்கு கொண்டவர். குளஸ்டர் நிறுவனம் 2005இல் தொடங்கிற்று. குனு, கிளஸ்டர் என்னும் இரு சொற்களும் கூடிப் பிறந்தது அப்பெயர்.

இம்முறையில் ஒவ்வொரு பொறியும் தரும் சேமப்பகுதிக்குச் 'செங்கல்' என்று பெயர். கோப்பின் பெயரினின்று ஒரு கணக்கால் ஓர் எண் பெறப்படும். எண்ணெல்லைகள் செங்கற்களுக்கு முன்னரே பகிரப்பட்டிருத்தலின், அவ்வெண்ணே இடத்தை உணர்த்தும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் ஆறு தொகுதிகளுள் (1924–1936) வேண்டியதை, சொல்லின் முதலெழுத்தறிந்தவர் நூலகரை வினவாமலே எடுப்பர். அதனை ஒப்பது இது. காப்பாளர் ஒருவரிடம் இருந்த அறிவு, யாவரும் அறிந்த விதியாயிற்று. புதுச் செங்கல் சேருங்கால் எல்லைகளை மீளப் பகிர்தலும் கோப்புகளை இடம் பெயர்த்தலும் இதற்குக் கொடுக்கும் விலை.

படியும் பேதமும்

பகிர்வு மட்டும் காவலாகாது. விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசிப் பட்டாசு ஆலை பெயரால் ஒன்று, அறைகளாற் பல. ஓரறைத் தீ மற்றோர் அறைக்குத் தாவாதிருக்க, 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் இடைவெளியை வரையறுக்கின்றன. எனினும் எரிந்த அறையின் பொருள் மீளாது. பகிர்வும் அத்தகையதே: ஒரு செங்கல் கெடின் அதன் கோப்புகள் மட்டும் கெடும், ஆயின் கெட்டவை கெட்டவையே. மீள வேண்டின் படி எடுத்தல் வேண்டும்.

படி இரண்டாயின் பேதம் தோன்றும். இணைப்பு அறுந்த வேளையில் இரு படிகளும் தனித்தனியே எழுதப்படின், எது மெய் என்பது அறியலாகாது. சுவடிப் பதிப்பாசிரியர் நன்கறிந்த இடரே இது. ஆயின் தீர்வு வேறு. பதிப்பாசிரியர் பேதம் தோன்றிய பின் ஆய்ந்து தேர்வர். சுவடி பல ஒத்திருத்தல் மட்டும் பாடத்தை மெய்யாக்காது என்பதும் அறிவர். குளஸ்டரோ மூன்று படி வைத்து, பெரும்பான்மையோடு தொடர்பற்ற பக்கம் எழுதாவாறு தடுத்துப் பேதம் பிறவாமற் காக்க வல்லது.

முடிபு

2011 அக்டோபரில் ரெட் ஹேட் நிறுவனம் ஏறத்தாழ 13.6 கோடி டாலருக்குக் குளஸ்டரை வாங்குவதாக அறிவித்தது. அந்நிறுவனம் குளஸ்டர் வழி அளித்த வணிகப் படைப்பின் ஆதரவு 2024 டிசம்பர் 31இல் முடிவுற்றது. முறைமைகளும் மூப்பெய்தும். ஆயினும் கோப்பைத் துண்டாக்காது பகிர்ந்தும் படியெடுத்தும் வைத்த இடத்து, செங்கலில் அது இயல்பான முழுக் கோப்பாகவே கிடக்கும். குளஸ்டர் இன்றியும் படிக்கலாகும்.

ஓலையையும் அச்சையும் மின்வடிவாக்குவோர் இதனைக் கருதுதல் வேண்டும். ஒன்றாக்கும் அமைப்பு எத்துணை வலிது என்பதோடு, அது மறைந்தபின் நூல் கைக்கெட்டுமா என்பதும் முதற்கண் வினவத்தக்கதாம்.