பிரான்செஸ்கோவும் பறங்கியும்

புதுச்சேரிக் கடைத்தெருவில் பறங்கிக்காய் விலை கேட்பவர் எவரும் பிரெஞ்சு நாட்டின் பெயரைச் சொல்வதாக நினைப்பதில்லை. உண்மையில் அப்பெயரையே சொல்கிறார்.

ஐரோப்பாவில் பிராங்கர் என்றோர் இனத்தார் இருந்தனர். அவர்கள் ஆண்ட நாடே பிரான்சு. இத்தாலியர் பிரெஞ்சுக்காரனை முற்காலத்தில் 'பிரான்செஸ்கோ' என்றனர். இக்காலத்தில் 'பிரான்செசே' என்பர். பழைய வடிவம் ஆட்பெயராக நிலைத்துவிட்டது. அசிசி நகரத்துத் துணி வணிகர் ஒருவர், ஜொவான்னி என்று ஞானஸ்நானம் பெற்ற தம் மகனைப் பிரான்செஸ்கோ என்றழைத்தார். 1226இல் மறைந்த புனித பிரான்சிஸ் அம்மகனே. 1674இல் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியிருப்புக்கு அடிகோலிய பிரான்சுவா மர்த்தேன் பெயரிலும் அச்சொல் இருக்கிறது.

அதே சொல் வேறொரு வழியாகவும் நம்மிடம் வந்தது. சிலுவைப் போர்க் காலத்து அராபியர், மேலைக் கிறித்தவர் அனைவரையும் பிராங்கர் என்றே குறித்தனர். அது பாரசீகத்தில் 'ஃபரங்கி' ஆயிற்று. தமிழர் நாவில் 'பறங்கி' ஆயிற்று. (ரகரமா றகரமா என்று மாணவரை வருத்த வேண்டுவதில்லை, பரங்கிப்பேட்டையை ரகரமிட்டே எழுதுகிறோம்.) 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தபின் அப்பெயர் போர்த்துக்கேசியர் மேல் ஏறியது. பிரெஞ்சுக்காரர் வந்து சேருமுன்னரே அவர்தம் பெயர் பிறர்க்குரியதாகிவிட்டது!

பெயர் ஏறியதோடு நில்லாமல் வசையும் ஆயிற்று. மாட்டிறைச்சி உண்பவன், மது அருந்துபவன், ஆசாரமற்றவன் என்ற பொருளெல்லாம் அதனுள் புகுந்தன. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியத் துறவி இராபர்ட் தெ நொபிலி, தம் சமயம் 'பறங்கி மார்க்கம்' என இகழப்படுவதைக் கண்டார். காவியுடுத்தார், புலால் நீத்தார், தாம் பறங்கி அல்லர், உரோமாபுரியின் உயர்குடியினர் என்று அறிவித்தார். பறங்கி என்பது போர்த்துக்கேசியரைக் குறிக்குமாயின் அவர் கூற்று மெய்யே. ஐரோப்பியர் எல்லாரையும் குறிக்குமாயின் அவரும் பறங்கியே. சொல்லின் இரட்டைப் பொருள் அவருக்குக் கைகொடுத்தது. ஆனால் முத்துக்குளித்துறையில் முன்னரே கிறித்தவரான பரதவருக்கு அந்த வசதி இல்லை. பழி அவர்கள் மேலேயே நின்றது. நொபிலியின் புலமையை மெச்சுவோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இலங்கையில் இச்சொல்லின் கதி வேறு. அங்கே பறங்கியர் என்பது போர்த்துக்கேசியர், ஒல்லாந்தர் வழிவந்த ஒரு சமூகத்தின் பெயர், வசையன்று. மட்டக்களப்புப் பறங்கியருள் சிலர் போர்த்துக்கேசியக் கிளைமொழி ஒன்றை இன்றும் பேசி வருகின்றனர்.