ஓபியாய்டு வலிநிவாரணிகளின் விலை: அமெரிக்கா

அபினிலிருந்தோ அதையொத்த வேதிப்பொருள்களிலிருந்தோ செய்யப்படும் ஓபியாய்டு வலிநிவாரணிகளுக்கு அமெரிக்காவில் நெடுங்காலமாக இரண்டு விலைகள் வழங்கிவருகின்றன: மருத்துவர் சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் கொடுப்பது ஒன்று, அதே மாத்திரை கைமாறித் தெருவுக்கு வந்தபின் கேட்கப்படுவது மற்றொன்று. இவற்றுக்கிடையிலான இடைவெளி, ஆக்ஸிகோடோன் என்னும் மருந்தைக் கொண்டு பர்டியூ ஃபார்மா நிறுவனம் 1996-இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஆக்ஸிகான்டினில் தெளிவாகப் புலப்பட்டது.

2000-களின் தொடக்கத்தில் மத்தியப் போதைப்பொருள் தடுப்பு அமைப்பு கொடுத்த கணக்கின்படி, 40 மில்லிகிராம் மாத்திரை ஒன்று கடையில் ஏறத்தாழ 4 டாலருக்குக் கிடைக்க, தெருவில் மில்லிகிராமுக்கு அரை டாலர் முதல் ஒரு டாலர் வரை விலை வைக்கப்பட்டதால், 400 டாலர் பெறும் நூறு மாத்திரைப் புட்டி 2,000 முதல் 4,000 டாலர் வரை ஈட்டித் தந்தது. காப்பீடு பெற்ற நோயாளி தம் கையிலிருந்து கொடுத்தது இன்னும் சொற்பம். கடைக்காரர் மாத்திரையை எண்ணி விற்றார். தெருவிலோ அதனுள் இருந்த மருந்தின் எடைக்கே விலை. பன்னிரண்டு மணி நேரம் சிறிது சிறிதாக வெளிப்பட வேண்டிய மருந்து முழுவதும் ஒரே மாத்திரையில் அடைக்கப்பட்டிருந்ததும், பொடித்தால் அது ஒருசேர வெளிப்பட்டதுமே இதற்குக் காரணம்.

விலை இடத்துக்கு இடமும் வேறுபட்டது. கட்டுப்பாடு தளர்ந்திருந்த ஃபுளோரிடாவில், ரொக்கம் பெற்றுக்கொண்டு சீட்டு எழுதித் தந்ததால் 'மாத்திரை ஆலைகள்' என்று இகழப்பட்ட மருத்துவமனைகளில் வாங்கப்பட்டவை, நெடுஞ்சாலை வழியே கென்டக்கி போன்ற மாநிலங்களை அடைந்தபோது கூடுதல் விலைக்குப் போயின.

2010 ஆகஸ்டில், எளிதில் பொடியாகாததும் நீர்பட்டால் கூழாகிவிடுவதுமான புதிய ஆக்ஸிகான்டின் வெளியானது. 'ஓசி' என்ற எழுத்துகள் பொறித்த பழையதையே நாடியவர்கள் 'ஓபி' என்று பொறித்த புதியதற்கு அந்த மதிப்பைக் கொடுக்கவில்லை. பலர் மாத்திரையைவிட மலிவாகக் கிடைத்த ஹெராயினுக்கு மாறினர். மாத்திரையைத் திருத்தியது பழக்கத்தைத் திருத்தவில்லை என்றே கூற வேண்டும்.

பின்னர், ஒருபுறம் 'எம்' என்றும் மறுபுறம் '30' என்றும் பொறித்த நீலநிற ஆக்ஸிகோடோன் மாத்திரையைப் போலவே தோன்றும், ஃபென்டனில் என்னும் செயற்கை ஓபியாய்டு கலந்த போலிகள் பெருகி, பல நகரங்களில் சில டாலர்களுக்கே கிடைக்கலாயின. உண்மை மாத்திரையில் அந்த 30 என்பது மில்லிகிராம் அளவு, தெருக்கணக்கில் ஏறத்தாழ விலையும் அதுவே. போலியிலோ அது உள்ளே இருக்கும் எதன் அளவையும் குறிப்பதில்லை.