பேஸ்மெண்டில் இருந்த பெட்டிகள்

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டில் செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் நின்றுபோய், ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட் வந்தது. இப்போது செக்கெண்ணெய் திரும்பி வந்திருக்கிறது, விலை மட்டும் எங்கேயோ போய்விட்டது. போன வாரம் அம்மா போனில் கேட்டார். "ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதுதான்டா நல்லது?" எனக்குத் தெரியாது. ஆனால் ஏன் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்பதற்கு ஒரு கதை தெரியும். அது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடந்தது.

வெண்ணெய், இறைச்சிக் கொழுப்பு போன்ற நிறைவுற்ற கொழுப்புகள் ரத்தத்தில் கொலஸ்ட்ராலை ஏற்றும், அது மாரடைப்பில் கொண்டுபோய் விடும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆன்செல் கீஸ் இதை ஊரறியச் சொன்னவர். 1961ல் டைம் பத்திரிகையின் அட்டையிலேயே வந்துவிட்டார். அதே ஆண்டு அமெரிக்க இதயச் சங்கமும் தாவர எண்ணெய்க்கு மாறச் சொன்னது. தாவர எண்ணெய் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்பது அப்போதே தெரியும். உயிரைக் காப்பாற்றுமா என்பதைத்தான் யாரும் சரியாகச் சோதித்திருக்கவில்லை.

சோதிப்பது லேசான காரியமும் இல்லை. வீட்டில் இருக்கிறவர்கள் எழுதிக்கொடுத்ததையா சாப்பிடுவார்கள்? சமையலறை ஆய்வாளர் கையில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட இடங்கள் மினசோட்டாவில் இருந்தன: ஆறு அரசு மனநல மருத்துவமனைகள், ஒரு முதியோர் இல்லம். 1968ல் ஐவன் ஃபிரான்ட்ஸ் என்ற மருத்துவர் தலைமையில் ஆய்வு தொடங்கியது. கீஸ் துணைத் தலைமை. 20 முதல் 97 வயது வரை 9,423 பேர். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான கொழுப்பு, மறுபாதிக்கு மக்காச்சோள எண்ணெயும் அதில் செய்த மார்ஜரினும். யாருக்கு எது என்பது சாப்பிட்டவர்களுக்கும் தெரியாது, மருத்துவர்களுக்கும் தெரியாது. ஒப்புதல் படிவம் வாங்கப்படவில்லை. எப்படியும் மருத்துவமனையில் போடக்கூடிய சாப்பாடுதானே என்பது காரணம். விளக்கிச் சொன்னார்களாம், வேண்டாம் என்பவர்கள் விலகலாமாம். மனநல மருத்துவமனையில் அடைபட்டிருப்பவர் எந்த அளவுக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியும்?

1973ல் ஆய்வு முடிந்தது. 1975ல் ஒரு மாநாட்டில் கொஞ்சம் பேசினார்கள். அதோடு சரி. 1977ல் அமெரிக்க செனட் குழு நிறைவுற்ற கொழுப்பைக் குறைக்கச் சொல்லி அறிக்கை வெளியிட்டது. 1980ல் அரசின் முதல் உணவு வழிகாட்டி வந்தது. அந்த நேரத்தில் உலகிலேயே இந்த வகையில் மிகப்பெரிய சோதனையின் முடிவு யார் கண்ணிலும் படவில்லை. 1981ல் ஒரு மாணவர் அந்தத் தரவை வைத்து முதுகலை ஆய்வேடு எழுதினார், அதைப் படிக்க ஆளில்லை. 1989ல்தான் ஃபிரான்ட்ஸ் கட்டுரை வெளியிட்டார்: இரு குழுக்களுக்கும் இடையில் வித்தியாசம் இல்லை. அதில் கீஸின் பெயர் இல்லை. ஏன் இவ்வளவு தாமதம் என்று பின்னாளில் கேட்டபோது, ஆய்வில் குறை எதுவுமில்லை, முடிவு ஏமாற்றமாக இருந்தது என்கிற அர்த்தத்தில் ஃபிரான்ட்ஸ் பதில் சொன்னார். அவரை மோசடிக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதிர்பார்த்த விடை வராதபோது நம் கணக்கில்தான் எங்கோ தப்பு என்று ஆறப்போடுவது எல்லோரும் செய்வதுதான். ஓடாத புரோகிராமைப் பல முறை அப்படி மூடி வைத்திருக்கிறேன். என்ன, என் புரோகிராமை நம்பி யாரும் சமைக்கவில்லை.

ஃபிரான்ட்ஸ் 2009ல் இறந்தார். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ராம்ஸ்டென் பழைய ஆய்வுகளைத் தோண்டிக்கொண்டிருந்தவர். சிட்னியில் நடந்த இதே மாதிரியான ஒரு சோதனையின் காந்த நாடாவைத் தேடிப்பிடித்து 2013ல் முடிவை வெளியிட்டிருந்தார். மினசோட்டா தரவுக்காக ஃபிரான்ட்ஸின் மகனைக் கேட்டார். மகனும் மருத்துவர். பெற்றோர் வீட்டு பேஸ்மெண்டில் போய்த் தேடினார். பெட்டிகள் இருந்தன. உள்ளே காகிதங்கள், காந்த நாடாக்கள்.

2016ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வந்தது. எண்ணெய் மாற்றியவர்களின் கொலஸ்ட்ரால் 13.8 சதவீதம் குறைந்திருந்தது, கீஸ் கணித்தபடியே. சாவு குறையவில்லை. இன்னொன்றும் இருந்தது: கொலஸ்ட்ரால் ஒவ்வொரு 30 மில்லிகிராம் குறைந்ததற்கும் இறப்பு அபாயம் 22 சதவீதம் கூடியிருந்தது.

இந்த 22ஐப் பிடித்துக்கொண்டு வெண்ணெய்தான் அமிர்தம் என்று வீடியோ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவசரம் வேண்டாம். கொலஸ்ட்ரால் குறைந்ததால் செத்தார்களா, சாகக்கிடந்ததால் குறைந்ததா என்று அந்த எண் சொல்லாது. நோயாளிகளை வெளியே அனுப்பும் கொள்கை அப்போது வந்துவிட்டதால், ஒரு வருடமாவது அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள் 2,355 பேர்தான். மார்ஜரினில் டிரான்ஸ் கொழுப்பு கலந்திருக்கலாம். ஹார்வர்டின் வால்டர் வில்லெட் இதை வெறும் வரலாற்று அடிக்குறிப்பு என்று தள்ளிவிட்டார். அதிலும் எனக்கு உடன்பாடில்லை. 1975லேயே முழுதாக வெளிவந்து, அடுத்த சோதனை இந்தக் குறைகளைக் களைந்து நடந்திருந்தால் அம்மாவுக்கு ஒரு பதில் கிடைத்திருக்கலாம்.

ஆய்வுக் காலத்தில் இறந்தவர்களில் 295 பேருக்குப் பிரேதப் பரிசோதனை நடந்தது. மக்காச்சோள எண்ணெய் ரத்தக்குழாய்க்கு என்ன செய்தது என்பதற்கு அந்த உடல்களே நேரடிச் சாட்சி. கிடைத்த கோப்புகளில் எண்ணெய்க் குழுவின் 76 பேரில் 31 பேருக்கு மாரடைப்பின் தடயம் இருந்தது, மற்றக் குழுவின் 73 பேரில் 16 பேருக்கு. பாதிக் கோப்புகளை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. மீதி 146 கோப்புகள் அந்தப் பெட்டிகளில் இல்லை.