அட்டகிரகச் சேர்க்கை அச்சம் (1962)

அட்டகிரகச் சேர்க்கை அச்சம் என்பது 1962 பிப்ரவரி 3 முதல் 5 வரையான நாட்களில் உலகம் அழியும் என்று இந்தியாவில் பரவிய பீதியாகும். சூரியன், சந்திரன், புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி, கேது ஆகிய எட்டும் அப்போது மகர ராசியில் கூடின. கேடு விலகப் பல நகரங்களில் யாகங்கள் நடந்தன. பிரதமர் நேரு இதை வெளிப்படையாகவே எள்ளினார்.

கணிப்பில் பிழையில்லை. ஸ்ரீரங்கம் போன்ற கோயில் ஊர்களில் இன்றும் புழங்கும் பஞ்சாங்கம், எந்தக் கோள் எந்த ராசியில் நிற்கும் என்பதை முன்பே சொல்லிவிடும். பிழை, அதிலிருந்து எடுத்த முடிவில்தான். ஒரே ராசியில் இருப்பது என்பது பூமியிலிருந்து ஒரே திசையில் தெரிவது மட்டுமே. அன்று வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி நான்கும் சூரியனுக்கு அப்பால், நம்மிடமிருந்து வெகு தொலைவில் இருந்தன. வெள்ளி மிக நெருங்கி வரும்போதுகூட, கடலில் ஓதம் எழுப்பும் அதன் ஆற்றல் நிலவினுடையதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கேதுவோ கோளே அன்று; நிலவின் பாதை சூரியனின் தோற்றப் பாதையை வெட்டும் ஒரு புள்ளி. அமாவாசை அப்புள்ளிக்கு அருகில் நேர்ந்ததால் பிப்ரவரி 5-இல் முழுச் சூரிய கிரகணம் ஏற்பட்டது. வேறொன்றும் நடக்கவில்லை.

2012 டிசம்பர் 21-இல் நிபிரு என்னும் கோள் மோதும், நாசா அதை மறைக்கிறது என்ற வதந்தி இதைவிட மோசமானது. 1962-இல் கோள்களாவது உண்மை. இதில் அதுவும் இல்லை. மக்கள் அனுப்பிய அச்சக் கேள்விகளுக்கு நாசா வானியலாளர் டேவிட் மோரிசன் பல ஆண்டுகள் பதில் எழுதினார். அவ்வளவு நெருங்கிய கோள் வெறுங்கண்ணுக்கே தெரிந்திருக்கும். திருச்சியில் மொட்டைமாடிக்கு ஏறியவர்கூடப் பார்த்திருப்பார்.